பத்தால் வகுத்தது

ஜனவரி 9

என் சுண்டெலிக்கு,

நான் நலமா என்று கேட்காதே. நலம் என்பவரே தினமும் காலையில் என் வீட்டு வாசலுக்கு வந்து, "ஐயா, எப்படி இருக்க வேண்டும் என்பதை உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். அங்கே உன் உடம்பு எப்படி? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை எலிகளுக்கு வைத்ததில் மிச்சம் மீதியா?

உன் கடிதம் வந்தது. தபால்காரர் அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே அவ்வளவு அறிவு. பதினோரு முறை படித்தேன். புரிந்தது இதுதான். உடம்பில் சில செல்கள் வயதாகி வேலையை நிறுத்திவிடுகின்றன. ஆனால் செத்தும் தொலைவதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் நாற்காலியை விடாத அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டு, புலம்பிப் புலம்பி அக்கம்பக்கத்துச் செல்களையும் கெடுக்கின்றன. உங்கள் மாத்திரை அந்தக் கிழங்களை வெளியேற்றுகிறது. மாத்திரை தின்ற எலிகள் மற்றவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வாழ்ந்தன. அதுவும் படுக்கையில் விழாமல், கடைசி வாரம் வரை சக்கரத்தில் ஓடிக்கொண்டே. சரிதானே?

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். உன் அம்மா நான்கு வருடம் அந்த மேற்குச் சுவரைப் பார்த்தபடியே கிடந்தாளே. என்னைப் பார்த்து, "யாருங்க நீங்க? ரயில் வந்துடுச்சா?" என்பாள். வந்துகொண்டே இருக்கிறது அக்கா என்பேன். போகும்போது அவளுக்கு அறுபத்தொரு வயது.

அது கிடக்கட்டும். இந்த ஊரிலும் உங்கள் ஆராய்ச்சி மையம் ஆள் சேர்ப்பதாகச் சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். அறுபத்தைந்து தாண்டியவர்கள் வரலாமாம். எனக்கு எழுபத்திரண்டு. முப்பத்து நான்கு வருடம் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் உட்கார்ந்து, வராத ரயிலை "இன்னும் சற்று நேரத்தில்" என்று அறிவித்துக் கோடானுகோடி மக்களின் உயிரைப் பிடித்து வைத்த உடம்பு இது. அறிவியலுக்கு அர்ப்பணிக்கத் தயார். ஒரு வார்த்தை சொல், நானே உன் பெரிய எலி.

அகில உலக ஒலிபெருக்கிச் சக்கரவர்த்தி, மூன்றாம் நடைமேடையின் முடிசூடா மன்னன்,
உன் மாமா


ஜனவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். உங்கள் முழங்கால், இரத்த அழுத்தம், காது மூன்றும் எப்படி இருக்கின்றன? தொலைபேசியில் கேட்டால் நீங்கள் வேறு எதற்கோ பதில் சொல்வீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா எனக்குக் கூட்டலுக்கு முன்னால் வகுத்தலைத்தான் சொல்லிக்கொடுத்தாள். "உன் மாமன் சொல்றதைப் பத்தால வகுத்துக்கோ. வர்றதுதான் நிஜம்." ஆகவே பதினோரு முறை படித்ததை ஒரு முறை என்று குறித்துக்கொண்டேன். அந்த ஒரு முறைக்கே நன்றி.

ஆனால் மையத்துக்குப் போகாதீர்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே வேலை செய்பவர்களின் உறவினர் யாரும் சேரக் கூடாது என்பது விதி. பதினோரு ஊர்களிலிருந்து இருநூறு பேரின் குறிப்பேடுகள் மாதக் கடைசியில் என்னிடம் வருகின்றன. பெயர் வராது, ஊர் வராது, எண் மட்டும்தான் வரும். எத்தனை அடி நடந்தார்கள், விழுந்தார்களா, புண் ஏதும் ஆறாமல் இருக்கிறதா என்று அவர்களே தினமும் எழுதுவதை நான் அவர்களின் இரத்த அறிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் என்னைச் சந்தோஷப்படுத்த நினைத்தால்கூட எல்லாம் பாழ்.

உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் நீங்கள் வெளியே இருப்பதுதான் எனக்கு உதவி.

அன்புடன்,
சுண்டெலி


மார்ச் 3

என் சுண்டெலிக்கு,

உன் தடை உத்தரவு கிடைத்தது. மூன்று நாள் உண்ணாமல் உறங்காமல் கண்ணீரில் மிதந்தேன். கட்டில் நனைந்து பாசி பிடித்துவிட்டது. பிறகு பசித்தது, எழுந்துகொண்டேன். உன் தலைவலி எப்படி? கண்ணாடியை மாற்றினாயா?

சரி, உன் மாத்திரை இல்லாவிட்டால் என்ன, நானே என்னை இளைஞனாக்கிக்கொள்கிறேன் என்று நடைப்பயிற்சியில் இறங்கிவிட்டேன். தினம் ஏழாயிரம் அடி. ஒரு நோட்டில் குறித்தும் வைக்கிறேன். தெருவில் நான் வரும் வேகத்தைப் பார்த்து நாய்கள் ஓரம் ஒதுங்குகின்றன.

ஒரு நண்பரும் கிடைத்திருக்கிறார். எந்த பெஞ்சில் என்று கேட்காதே, ஏதோ ஒரு பெஞ்சில். தையல்காரர். நாற்பத்தைந்து வருடம் இயந்திரத்தின் மேல் குனிந்து குனிந்து, நிற்கும்போதும் ஏதோ தைத்துக்கொண்டிருப்பது மாதிரியே இருப்பார்.

"நான் குரலாலேயே ரயிலை நிறுத்தினவன்யா" என்றேன்.

"அதானே பார்த்தேன். எங்க கடைக்கு வர வேண்டிய துணி ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை" என்றார்.

அந்த நிமிடமே அவரை என் அரசவையில் சேர்த்துக்கொண்டேன். நீ ஒருநாள் மேடையேறிப் பேசுவாய், அன்று முதல் வரிசையில் உட்கார எனக்கு ஒரு கோட்டு வேண்டும் என்றேன். உடனே பையிலிருந்து நாடாவை எடுத்து அங்கேயே அளவெடுக்க ஆரம்பித்துவிட்டார். அளவெடுக்கும்போது ஒரு திட்டு.

"மூச்சை இழுத்து வயித்தை உள்ள தள்ளாதீங்க. விடுங்க. அளவுல பொய் சொன்னா துணி காட்டிக் கொடுத்துடும்."

விட்டேன். அவர் நாடா போதவில்லை என்று எழுதத்தான் ஆசை. போதுமானதாகவே இருந்தது.

நாய்கள் அஞ்சும் நடைவேந்தன்,
உன் மாமா


ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

ஏழாயிரத்தை எழுநூறாக்கி எடுத்துக்கொண்டேன். எழுநூறே நல்லதுதான், நிறுத்தாதீர்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

எனக்கு இப்போது தலைவலி இல்லை. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். ஓர் எண்ணின் மேல் எனக்குப் பித்துப் பிடித்திருக்கிறது. நாற்பத்தொன்று.

விவரமாகச் சொல்கிறேன். இருநூறு பேரில் எட்டுப் பேருக்கு மட்டும் முதலில் இரண்டு மாத்திரை கொடுத்துப் பார்க்கிறோம். மற்றவர்களுக்கு ஒன்று. எட்டில் மூன்று பேருக்கு ஆறாத புண் வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்பது விதி. வராவிட்டால் எல்லோருக்கும் இரண்டாக்கலாம். இரண்டு கொடுத்தால்தான் எலிகளில் பார்த்த பலன் மனிதர்களிலும் தெரியும் என்று எங்கள் தலைவி உறுதியாக நம்புகிறார். நானும்தான்.

அந்த எட்டில் ஒருவர் நாற்பத்தொன்று. வயது எழுபதுக்கு மேல். பிப்ரவரியில் தொடங்கியபோதே ஆறாயிரம் அடி, இப்போது ஏழாயிரத்து இருநூறு. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் அரை நிமிடத்தில் இருபது முறை எழுந்து உட்காருகிறார். விழுந்தது பூஜ்யம், புண் பூஜ்யம். மாமா, மற்ற ஏழு பேரும் சாதாரணமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இந்த ஒருவருடைய கோடு வரைபடத்தில் ஏறிக்கொண்டே போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து நடந்து போகிற மாதிரி இருக்கிறது.

யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எண்ணை மட்டும்தானே சொல்கிறேன், பரவாயில்லை.

அன்புடன்,
சுண்டெலி


மே 6

என் சுண்டெலிக்கு,

நான் வழக்கம்போல் வஜ்ரம். நீ பித்துப் பிடித்தாலும் வேளைக்குச் சாப்பிடு.

உன் நாற்பத்தொன்றைப் பற்றி எழுதியதைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். யார் அந்த மகானுபாவர்? அவர் காலடி மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. அந்த வேகத்தில் போனால் அடுத்த மாதம் பறக்க ஆரம்பித்துவிடுவார். அவருக்கு ஒரு ஓடுபாதை கட்டச் சொல். ஒன்று கேட்கிறேன், அவர் கோடு கொஞ்சம் இறங்கினால் உன் மேடை போய்விடுமா? சும்மா கேட்டேன்.

என் ராஜ்யத்தில் ஒரே ஒரு கலகம். இடது கால் கட்டைவிரலைச் செருப்பு கடித்துவிட்டது. புண்ணா அது? நிலாவில் இருக்கிற பள்ளம். உள்ளே ஒரு சரக்கு ரயில் திரும்பலாம். நான்கு வாரமாக மூட மறுத்து சத்தியாக்கிரகம் செய்கிறது. அண்டை நாட்டு வைத்தியர்களெல்லாம் வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

தையல்காரர் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்றார். என் மருமகளிடம் சொல்லப் போகிறேன் என்றேன். சொல்லிவிட்டேன்.

நிலவைக் காலில் சூடியவன்,
உன் மாமா


ஜூன் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நிலாவைப் பத்தால் வகுத்தேன். நான்கு வாரம் மூன்று நாள் ஆனது, சரக்கு ரயில் ஒரு கொசு ஆனது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுச் செருப்பை மாற்றுங்கள். இந்நேரம் ஆறியிருக்கும்.

ஒரு நல்ல செய்தி. இரண்டாவது மாத்திரைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எட்டுப் பேரில் இரண்டு பேருக்குத்தான் ஆறாத புண். மூன்றாவது வரவில்லை. ஜூலை முதல் தேதியிலிருந்து இருநூறு பேருக்கும் இரண்டு. நவம்பரில் நான் மேடையேறுகிறேன். தையல்காரரிடம் கோட்டைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்கள்.

நடுவில் ஒரு சின்னத் தகராறு. நாற்பத்தொன்றின் இரத்தத்தில் அழற்சி எண் ஏறியிருந்தது. உடம்பில் எங்கோ புண் இருக்கிறது என்று சொல்லும் எண் அது. ஆனால் குறிப்பேட்டில் புண் பூஜ்யம், காய்ச்சல் பூஜ்யம், நடை ஏழாயிரத்து ஐந்நூறு. காலில் புண்ணோடு யார் ஏழாயிரத்து ஐந்நூறு நடப்பார்கள்? நான் மனிதரை நம்பினேன். "ஆய்வகப் பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தலைவியும் தலையாட்டினார்.

நீங்கள் ஏன் இந்த முறையும் முழங்காலைப் பற்றி எழுதவே இல்லை?

அன்புடன்,
சுண்டெலி


ஜூலை 19

என் சுண்டெலிக்கு,

பதில் தாமதம். தபால்காரர் மேல் பழி போடலாம் என்று பார்த்தேன். நல்ல மனிதர், வேண்டாம். உன் உடம்பு சுகம்தானே? என் உடம்பு அதுபாட்டுக்கு இருக்கிறது.

தையல்காரர் உங்கள் ஆராய்ச்சியில் இருக்கிறார். இந்த மாதம் முதல் அவருக்கும் இரண்டு மாத்திரை. என் கோட்டுக்குப் பொத்தான் துளை போடும்போது ஆட்காட்டி விரலில் ஊசி குத்தியிருக்கிறது. நாற்பத்தைந்து வருடத்தில் அவர் விரலில் ஊசி குத்தாத இடமே கிடையாது. மறுநாள் காய்ந்துவிடும். இது பதினாறு நாளாகக் காயவில்லை. பதினாறு என்றால் பதினாறு. விரல் கறுத்து, மூட்டு வரை வீங்கியிருக்கிறது.

அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறார். "மி.மீ. கணக்குல எழுதியிருக்கேன் பாருங்க" என்று காட்டினார். நாடாவை வைத்து வீக்கத்தை அளந்திருக்கிறார்.

ஒரு கேள்வி. உன் நாற்பத்தொன்று ஒரு பெரிய புளுகனாக இருந்தால் என்ன ஆகும்? வெறும் கற்பனைதான். கிழவனுக்கு வேறு வேலை என்ன?

மாமா


ஜூலை 30

அன்புள்ள மாமாவுக்கு,

தையல்காரர் மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். அந்த விரலை உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். அவருடைய எண் எனக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. அவர் எழுதியது மாதக் கட்டோடுதான் என்னிடம் வரும். பதினாறு நாளைப் பத்தால் வகுத்து ஒன்றரை என்று எழுதிவிட்டு, பிறகு அடித்துவிட்டேன். அவர் உங்களைப் போல இல்லை என்று தோன்றியது.

உங்கள் கற்பனைக்குப் பதில். நாற்பத்தொன்று பொய் சொல்லியிருந்தால் அந்த மூன்றாவது ஆள் அவர்தான். அப்படியானால் ஜூலையில் யாருக்கும் இரண்டாவது மாத்திரை போயிருக்கக் கூடாது. நான் போட்ட கையெழுத்து தப்பு. ஆனால் அவர் ஏன் பொய் சொல்லப் போகிறார் மாமா? அவருக்கு என்ன லாபம்? அவருக்கு என்னைத் தெரியக்கூடத் தெரியாது.

இந்தக் கடிதத்தில் நீங்கள் ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. காது வலியா? ஏதாவது இருந்தால் எழுதுங்கள், நான் வகுக்காமல் படிக்கிறேன்.

அன்புடன்,
சுண்டெலி


செப்டம்பர் 4

சுண்டெலி,

உன் கடிதம் ஆகஸ்ட் மூன்றாம் தேதி கிடைத்தது. இன்று செப்டம்பர் நான்கு. நடுவில் இருந்த முப்பத்திரண்டு நாளில் ஏழு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஏழு என்பது கூட்டிச் சொன்னதில்லை. துண்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

தையல்காரர் ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி காலையில் இறந்துபோனார். விரலிலிருந்து விஷம் இரத்தத்தில் கலந்துவிட்டது. மருத்துவரிடம் இரண்டு முறை போனார். களிம்பு கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மாத்திரையை நிறுத்தவா என்று அவர் மையத்தில் கேட்டிருக்கிறார். இதுவரை இரண்டு மாத்திரையால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, எழுபதைத் தாண்டிய ஒருவர் அதைத் தின்றுவிட்டு ஏழாயிரம் அடி நடக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஒருவர் நான்.

ஜனவரியில் உன் கடிதம் வருவதற்கு முந்தைய வாரமே போய்ச் சேர்ந்துவிட்டேன். உறவினர் யாராவது அங்கே வேலை செய்கிறார்களா என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். உன் கடிதம் வந்த பிறகு விலகியிருக்கலாம். உன் மாத்திரை, நான் வெளியே நிற்பதா என்று பிடிவாதம்.

முதல் நாள் அறுநூறு அடி நடந்தேன். எழுதும்போது கை தானாக ஒரு பூஜ்யம் சேர்த்தது. பழக்கம். என்னைத் தெரிந்த எல்லோரும் வகுத்துக்கொள்வார்கள். நோட்டு வகுத்துக்கொள்ளாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு நீ நாற்பத்தொன்றைப் பற்றி எழுதினாய். அக்கா கட்டிலிலிருந்து எழுந்து நடந்து போகிறாள் என்றாய். அதற்கப்புறம் எந்தக் கையால் எழுநூறு என்று எழுதுவது?

புண் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டதும் நான்தான். உனக்கு நான்கு வாரம் என்று எழுதினேனே, அது நான்கு வாரம்தான். உனக்கு உண்மையை எழுதினேன், நோட்டில் பொய்யை எழுதினேன். எது எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மையத்து நர்ஸ் ஒருமுறை செருப்பைக் கழற்றச் சொன்னார். ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டேன்.

மையத்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதும்போது தையல்காரர் ஒருநாள் என் நோட்டை எட்டிப் பார்த்தார். "எங்கய்யா ஏழாயிரம் நடந்தீங்க? காலையிலேருந்து என்கூடத்தானே உட்கார்ந்திருக்கீங்க?" என்றார்.

"எல்லாம் வகுத்துக்குவாங்கய்யா" என்றேன்.

அவர் தன் நோட்டைத் திருப்பி முந்நூற்று எண்பது என்று எழுதினார்.

கால் கறுத்திருக்கிறது. கணுக்கால் வரை.

மாமா


செப்டம்பர் 9

மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை மையத்து நர்ஸ் நேரில் கொண்டு வருவார். வாசலில் வண்டி நிற்கும். படித்து முடிக்கக்கூட வேண்டாம், ஏறிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சொல்லியாகிவிட்டது. மீதியை அங்கே படியுங்கள்.

பதினோரு மையங்களிலும் இன்று காலை மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்தச் சொல்லி எழுதியது நான். எல்லோரையும் செருப்பைக் கழற்றி, கையை விரித்துப் பார்க்கச் சொன்னோம். ஆறாத புண்ணோடு இன்னும் பதினான்கு பேர் இருக்கிறார்கள்.

வேலை செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன என்று நாம் சிரித்தோமே, அந்தக் கிழட்டுச் செல்கள். காயம் பட்டால் முதலில் ஓடிவந்து மற்றவற்றைக் கூப்பிடும் வேலையில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அவற்றைத் துடைத்து எடுத்துவிட்டால் காயம் திறந்தே கிடக்கிறது. எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எங்கள் எலிகள் மெத்தென்ற மரத்தூளில் படுத்து வளர்ந்தவை. செருப்பு கடித்த எலி எங்களிடம் இல்லை. ஊசி பிடித்த எலி இல்லை.

நீங்கள் பொய் எழுதினீர்கள். ஆனால் உங்கள் இரத்தம் உண்மையைச் சொன்னது. அதைப் பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். ஏறுகிற கோடு எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் கால்விரலைப் பற்றி நீங்கள் எனக்கு எழுதினீர்கள். வாரத்தை நாளாக்கியதும் நான். புண் என்ற கட்டத்தில் நீங்கள் போட்ட பூஜ்யத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன். பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம்.

விசாரணை முடியும்வரை பங்கேற்றவர்கள் யாரையும் நான் சந்திக்கக் கூடாது. நீங்களும் பங்கேற்றவர். அதனால் வர முடியாது. இந்தக் கடிதமும் மேலதிகாரிகள் படித்த பிறகுதான் உங்களுக்கு வருகிறது.

ஒன்று வேண்டும். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து உண்மையான குறிப்பேடு. நினைவிருக்கும்வரை, தேதி தேதியாக. கேட்பது உங்கள் சுண்டெலி இல்லை, எண்களைச் சரிபார்க்கிற ஆள்.

சாப்பிடுங்கள்.


அக்டோபர் 21

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்தெல்லாம் உடம்பை விட்டுப் போய்விட்டதால் வெட்டிய இடம் மெதுவாக மூடுகிறதாம். ஜன்னல் பக்கத்துக் கட்டில். எதிரே சுவர்.

நீ கேட்ட குறிப்பேடு இத்துடன் வருகிறது. இருநூற்று இருபது நாள். எழுத ஐந்து வாரம் பிடித்தது. நினைவில்லாத நாட்களுக்கு "நினைவில்லை" என்று எழுதியிருக்கிறேன், ஊகித்து எதையும் நிரப்பவில்லை. பிப்ரவரி 1: நடை அறுநூறு. ஏப்ரல் 8: செருப்பு கடித்தது, இரத்தம் வந்தது. மே 20: நடை இருநூற்றுப் பத்து. ஜூன் 11: குளியலறையில் விழுந்தேன். ஜூலை 3: நடை அறுபது, கட்டிலிலிருந்து வாசல்வரை. ஆகஸ்ட் 29: நடை இல்லை. அன்று எழுந்திருக்கவில்லை. தையல்காரர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கால் காரணமில்லை.

அவருடைய மகள் போன வாரம் வந்தாள். ஒரு காகிதப் பையைக் கட்டிலில் வைத்தாள். கோட்டு. பொத்தான் துளைகள் மூன்று போட்டிருக்கிறார், நான்காவதில் நூல் பாதியில் நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு பழுப்புப் புள்ளி.

"அப்பா இதை மட்டும் முடிக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்க. உங்க வீட்ல யாரோ மேடையேறப் போறாங்களாமே?" என்றாள்.

அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும், நோட்டில் போட்ட பூஜ்யங்கள் உட்பட. முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். எழுந்து கதவுவரை போனாள். பை இங்கேயே இருக்கிறது. மறந்தாளா, விட்டாளா என்று தெரியவில்லை.

போட்டுப் பார்த்தேன். அளவு மிகச் சரி. அவர் என் வயிற்றை நம்பவில்லை, நாடாவை நம்பினார்.

உன் விசாரணையில் இந்தக் குறிப்பேட்டை முதலில் வைத்துவிடு. நான் எழுதியதில் அச்சாக வேண்டியது இது ஒன்றுதான். உன் அம்மா எழுந்து நடக்கவில்லை என்பதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிப்பு என்ற சொல்லை எழுதினால் அதுவும் பெரிதுபடுத்தியது மாதிரி ஆகிவிடும். எழுதவில்லை.

இங்கேயும் ஒரு படிவம் உண்டு. தினமும் காலையில் நிரப்ப வேண்டும். நேற்றைக்கு உள்ளது இது. நடை: இல்லை. விழுந்தது: ஒருமுறை, தூக்கக் கலக்கத்தில் இடது காலை ஊன்றப் போய். வலி: உண்டு. வலி எங்கே என்ற கட்டத்தில் இடது கால் கட்டைவிரல் என்று எழுதினேன். படிவம் வாங்க வந்த, சட்டைப் பையில் பேனா சொருகிய எழுத்தர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பெரியவரே, உங்களைப் பத்திச் சொல்லியிருக்காங்க. ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று அதை அடித்துவிட்டார்.

பேனாவை வாங்கி மறுபடியும் அதையே எழுதினேன். செருப்பு கடித்த அதே இடம். காலையில் இருந்து விட்டுவிட்டு வலிக்கிறது. இல்லாத விரல்தான்.

இதை வகுக்காதே.

மாமா